டான்யூப் கரையில் சைக்கிள்: பாசாவ் முதல் வியன்னா வரை, எங்கே எந்தக் கரை

ஐரோப்பாவில் முதன்முதலாக நெடுந்தூரம் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்குப் பலரும் கைகாட்டுவது டான்யூப் நதிக்கரையைத்தான். ஜெர்மனியின் எல்லை ஊரான பாசாவில் தொடங்கி, ஆற்றோடு கிழக்கே ஆஸ்திரியாவுக்குள் போய், வியன்னாவில் முடியும் சுமார் 320 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் ஆறு இறங்குவது ஏறக்குறைய 130 மீட்டர்தான், ஆகவே வழி தட்டை. அந்தக் காலத்தில் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் மேல்நோக்கி இழுத்துப்போன கரைப்பாதையே பல இடங்களில் இன்றைக்குச் சைக்கிள் பாதை. பெரும்பகுதி தார் போட்டது, நிறைய இடங்களில் கார் வராது.

கால் வலியை நினைத்துப் பயப்பட வேண்டாம். புதியவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். ஆற்றுக்கு இரண்டு கரை. பெரும்பாலான தூரம் இரண்டிலும் பாதை உண்டு. இரண்டிலும் ஒரே பெயர்ப் பலகை தொங்கும். ஆனால் ஒரு கரையில் மரநிழலும் தண்ணீரும் துணை வரும் அதே இடத்தில், எதிர்க்கரையில் லாரிக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். சில இடங்களில் பாதை பாறையில் முட்டி நின்றே விடும். பாலங்கள் தூரம் தூரமாக இருக்கின்றன. தவறான கரையில் மாட்டினால் அடுத்த பாலமோ அணையோ ஓடமோ வரும்வரை அப்படியே போக வேண்டியதுதான். எனவே முந்தின இரவு வரைபடத்தைப் பிரிக்கும்போது "நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று பார்ப்பதற்கு முன்னால் "நாளைக்கு எந்தக் கரை, எங்கே கடப்பது" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு கிழக்கே ஓடுகிறது. ஓட்டத்தின் திசை பார்த்து நின்றால் இடப்பக்கம் வடகரை, வலப்பக்கம் தென்கரை. இந்தக் கட்டுரை முழுக்க இதே கணக்கு.

எண்பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கரையில் கப்பல்களுக்காக நட்ட பெரிய எண்பலகைகள் தெரியும். கருங்கடலில் ஆறு கலக்கும் சுலினாவிலிருந்து மேல்நோக்கி எண்ணிய கிலோமீட்டர் அவை. நீங்கள் முன்னே போகப் போக எண் குறைந்துகொண்டே வருவதால் முதல் நாள் குழம்பும். பாசாவ் ஏறக்குறைய 2226, ஷ்லோகன் 2187, லின்ஸ் 2135, கிரைன் 2079, மெல்க் 2036, கிரெம்ஸ் 2002, டூல்ன் 1963, வியன்னாவின் ரைஷ்ப்ரூக்கே பாலம் 1929. கண்ணில் படும் எண்ணிலிருந்து போக வேண்டிய ஊரின் எண்ணைக் கழித்து, பத்து சதவீதம் கூட்டினால் மிச்ச தூரம். அந்தப் பத்து சதவீதம், பாதை ஊருக்குள் நுழைந்து வெளியேறும் சுற்றுக்கு. கைபேசியில் சார்ஜ் போன பிறகும் இந்தக் கணக்கு வேலை செய்யும்.

பாதைக்கான அடையாளம் தனி: டோனாவ்ராட்வெக் என்ற பெயருடன் பச்சைப் பலகை, பல இடங்களில் ஆர்1 என்ற எண்ணும் இருக்கும். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 இதன் வழியே செல்வதால், நீலப் பின்னணியில் நட்சத்திரங்களுக்கு நடுவே 6 என்ற எண்ணும் தென்படும். "உம்லைட்டுங்" என்றால் மாற்றுப்பாதை. அதை மீறிப் போகாதீர்கள்; வெள்ளத்தில் கரை அரித்திருக்கலாம். "ஃபேரெ" என்றால் ஓடம். "ராட்ஃபாரர் அப்ஷ்டைகன்" என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

எப்போது, எந்தத் திசை, என்ன காகிதம்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், பிற்பகலில் இடிமழை கொட்டும், தங்குமிடம் கிடைப்பதும் கடினம். ஏப்ரலில் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே உள்ள வாகாவ் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் மரங்கள் பூத்து நிற்கும், ஆனால் காலையில் விரல் விறைக்கும், கையுறை கட்டாயம். ஓடங்கள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். பருவத்தின் இரு முனைகளிலும் நேரம் சுருங்கும், சில ஓடங்கள் சனி ஞாயிறு மட்டுமே வரும். இந்த ஒரே காரணத்துக்காகவே புதியவர்கள் மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் போவது நல்லது.

மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள். இங்கே அதிகம் வீசுவது மேற்குக் காற்று. 130 மீட்டர் இறக்கத்தைக் கால் உணராது, முதுகில் தள்ளும் காற்றை நன்றாக உணரும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய காலத்துக்குத் தேவையில்லை. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பாசாவில் ஓர் இரவுதான் என்றால் அது ஆஸ்திரியா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பம் கொடுக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சைக்கிள் விபத்துக்கும் அது பொருந்துமா என்று வாங்கும்போதே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் விமானம் இறங்கி, ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாசாவ் போய், அங்கிருந்து மிதித்துத் திரும்புவது வசதி. பெட்டியில் பாதியை வியன்னாவிலேயே விட்டுவிட்டும் போகலாம்.

சைக்கிளை வாங்கும்போது அரைமணி நேரம் செலவழியுங்கள்

சொந்தச் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோவதைவிட, பாசாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் ஒப்படைப்பது எளிது. அப்படிக் கொடுக்கும் கடைகள் உண்டு. முன்பதிவில் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லுங்கள். மின்சைக்கிள் வேண்டுமென்றால் அங்கேதான் எடுத்தாக வேண்டும். பயணி விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரி ஏறாது, மின்சைக்கிள் பேட்டரிகள் வழக்கமாக அதைப்போல் மூன்று மடங்கு.

கடையில் தருவது பெரும்பாலும் டிரெக்கிங் சைக்கிள்: 28 அங்குலச் சக்கரம், 35 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர், பின்சக்கர அச்சுக்குள்ளேயே 7 அல்லது 8 கியர். அதில் நம் பழக்கத்தைக் கவிழ்த்துவிடும் விஷயங்கள் இரண்டு.

முதலாவது பின்மிதி பிரேக். பெடலைப் பின்னால் சுழற்றினால் சும்மா சுற்றாமல் சக்கரத்தைப் பிடித்துவிடும். சிக்னலில் நிற்கிறீர்கள், பெடல் கீழே கிடக்கிறது, வழக்கம்போல் காலால் பின்னுக்குச் சுழற்றி மேலே கொண்டுவரப் பார்ப்பீர்கள், அசையாது. பின்னால் நிற்பவர் மணியடிப்பார். நிற்கும்போதே ஒரு பெடல் மேலே, சற்று முன்னால் இருக்கும்படி நிறுத்திப் பழக வேண்டும். மறந்துவிட்டால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை முன்பக்கமாகச் சுழற்றிக்கொள்ளலாம். செயின் கழன்றால் இந்தப் பிரேக் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் "ஃப்ரைலாவ்ஃப்" உள்ளதைக் கேளுங்கள், சும்மா சுழலும் பெடல் கிடைக்கும்.

இரண்டாவது கைப்பிரேக். அங்கே இடக்கையில் இருப்பது முன்பிரேக். வலக்கையில் முன்பிரேக் பழகியவர்கள் அவசரத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று ஆள் மட்டும் முன்னால் போவார். கடைக்கு வெளியே காலியான இடத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம் சீட். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். இரண்டு பாதமும் தரையில் ஊன்றும்படி தாழ்த்தி வைத்துக்கொண்டால் இரண்டாம் நாளே முழங்கால் பேசும். பின்பைகளை மாட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டி, குதிகால் பையில் இடிக்கிறதா பாருங்கள். இடித்தால் பையைக் கேரியரில் பின்னுக்குத் தள்ளி மாட்டுங்கள். இரு பக்கமும் எடை சமமாக, மொத்தம் 10 கிலோவுக்குள். டயரில் காற்று எவ்வளவு என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். சுமை ஏற்றுவதால் உச்ச அளவுக்கு நெருக்கமாக வையுங்கள். வால்வு எந்த வகை, கொடுத்த பம்ப் அதில் உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே அடித்துப் பார்த்துவிடுங்கள். வால்வுக்குப் பொருந்தாத பம்போடு ஆற்றங்கரையில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. சைக்கிளின் ஃபிரேமில் பொறித்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணி, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பான்கள், தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் இவை சட்டப்படி வேண்டியவை. 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

போக வேண்டும் என்று முடிவெடுத்தவுடன், கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பிருந்தாவது வாரம் மூன்று முறை மிதியுங்கள். தசை ஒருவழியாகச் சமாளித்துவிடும், உட்காரும் இடம்தான் பழக வேண்டும். கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் அடுத்தடுத்து இரண்டு நாள் 40 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். இரண்டாம் நாள் சீட்டில் உட்கார முடிந்தால் தயார். திண்டு வைத்த கால்சட்டை இரண்டு வாங்குங்கள், அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசித்தான் புண் வருகிறது.

ஏழு நாள் வழி

*பாசாவ் – ஷ்லோகன், சுமார் 42 கி.மீ.* கிளம்பும் முன் ஊரின் முனைக்கு நடந்து போங்கள். டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் அங்கே கலக்கின்றன. இன் பச்சை கலந்த சாம்பல், இல்ஸ் கறுப்பு. கொஞ்ச தூரம் வரை நிறங்கள் ஒட்டாமல் தனித்தனியாக ஓடும். நகர்மன்றச் சுவரில் வெள்ளக் கோடுகள் வரைந்திருக்கிறார்கள். 2013 ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டர்; 1501க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை. அந்தக் கோட்டுக்கு அடியில் நின்று பார்த்தவர்கள் "உம்லைட்டுங்" பலகையை மதிப்பார்கள்.

வடகரையைப் பிடியுங்கள். ஓபர்ன்ஸெல் கோட்டையைக் கடந்து யோக்கன்ஸ்டைன் அணை, அதற்கப்பால் நீடர்ரன்னா பாலம். இங்கே முடிவெடுக்க வேண்டும். வடகரையிலேயே போனால் கார் இல்லாத அருமையான பாதை, ஆனால் ஆவ் என்ற இடத்தோடு முடிந்துவிடும். காடும் பாறையும் ஆற்றிலேயே இறங்குகின்றன. அங்கிருந்து ஓடத்தில்தான் எதிர்க்கரை ஷ்லோகன் போக முடியும். மாலையில் ஓடத்தைத் தவறவிட்டால் நீடர்ரன்னாவுக்கே திரும்பி மிதிக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குள் ஆவ் போய்விட முடியும் என்றால் வடகரை. தாமதமானால் நீடர்ரன்னா பாலத்தில் தென்கரைக்கு மாறிவிடுங்கள்.

ஷ்லோகனில் ஆறு கருங்கல் மலையில் முட்டி, கொண்டை ஊசி போல வளைந்து வந்த திசைக்கே திரும்புகிறது. கரையில் நின்றால் அந்த வளைவு புரியாது. தென்கரையிலிருந்து அரைமணி நேரம் மலையேறினால் பார்வை மேடை. சைக்கிளைப் பூட்டிவிட்டு ஷூவோடு ஏறுங்கள், வேர்களும் கற்களும் நிறைந்த வழி.

*ஷ்லோகன் – லின்ஸ், சுமார் 53 கி.மீ.* ஆஷாக் வரை தென்கரை மட்டும். வடகரையில் பாதை விட்டுவிட்டுத்தான் இருக்கிறது. ஆஷாக்குக்குப் பிறகு எதுவும் பரவாயில்லை. ஆனால் வில்ஹெரிங்கிலிருந்து லின்ஸ் வரை தென்கரையில் போகாதீர்கள்: மலைக்கும் ஆற்றுக்கும் இடையே நெடுஞ்சாலைக்கு மட்டுமே இடம் இருக்கிறது. 1146இல் தொடங்கிய வில்ஹெரிங் மடத்தின் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, எதிரே ஓட்டன்ஸ்ஹைமுக்கு ஓடம் ஏறுங்கள். அந்த ஓடம் ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்குவது. ஓட்டுநர் ஓடத்தைச் சற்றுச் சாய்க்க, ஓட்டமே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. நடு ஆற்றில் தண்ணீர் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். ஓடம் இல்லையென்றால் சற்று மேலே உள்ள மின்நிலைய அணைமேல் கடக்கலாம். அங்கிருந்து லின்ஸ் வரை வடகரையில், சாலையும் தண்டவாளமும் ஒட்டிவரும் சைக்கிள் பாதை. அழகு இல்லை, பாதுகாப்பு உண்டு.

*லின்ஸ் – கிரைன், சுமார் 60 கி.மீ.* வடகரை. இந்த வழியின் மிக நீளமான நாள், நிழலும் குறைவு. அணைக்கரை மேல் நேராக நீளும் பாதையில் எதிர்க்காற்று அடித்தால் பொறுமையைச் சோதிக்கும். பாதி வழியில் மாவுத்ஹவுசன். 1938 ஆகஸ்டிலிருந்து 1945 மே 5 வரை நாஜி வதைமுகாம் இருந்த ஊர். சுமார் 1,90,000 பேரை இங்கும் இதன் கிளைகளிலும் அடைத்தார்கள். குறைந்தது 90,000 பேர் உயிரோடு வெளியே வரவில்லை. கல்குவாரியின் 186 படிகள் அப்படியே இருக்கின்றன. முகாம் குன்றின் மேலே. ஊரிலிருந்து ஏற்றம் செங்குத்து. போவதானால் மூன்று மணி நேரம் ஒதுக்கிக் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். "இருட்டுவதற்குள் ஒரு எட்டு பார்த்துவிடலாம்" என்று நுழையும் இடம் இது இல்லை.

*கிரைன் – மெல்க், சுமார் 48 கி.மீ.* கிரைனில் 1791இல் கட்டிய சின்ன நாடக அரங்கு இன்றும் இருக்கிறது. அதற்குக் கீழே ஆறு ஒடுங்கும் ஸ்ட்ரூடன்காவ் பகுதி, சுழல்களுக்குப் பேர்போனது. படகோட்டிகள் பயந்து நடுங்கிய இடம். பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிறகு 1959இல் முடிந்த ஈப்ஸ்-பெர்சன்பாய்க் அணையின் நீர் தேங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. இந்தத் துண்டுக்குத் தென்கரைதான், சந்தேகமே வேண்டாம். வடகரையில் பி3 நெடுஞ்சாலையின் லாரிகள். கிரைனில் ஓடம் இருந்தால் அதில் கடக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்கு முன்னால் மேல்புறம் உள்ள பாலத்திலேயே மாறிவிடுங்கள். ஈப்ஸுக்குப் பிறகு பொக்லார்ன் வழியே தென்கரையிலேயே மெல்க்.

*மெல்க் – கிரெம்ஸ், சுமார் 38 கி.மீ.* தூரம் குறைவு, ஆனால் ஒரு முழு நாள் கொடுங்கள்; முடிந்தால் நடுவில் ஓர் இரவு கூடத் தங்கலாம். காலையில் மெல்க் மடம்: 1089இல் நிறுவியது, இன்றைய மஞ்சள் மாளிகை வடிவம் யாகோப் பிரான்ட்டாவர் 1702இல் கட்டத் தொடங்கியது. பிறகு வாகாவ் பள்ளத்தாக்கு, 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆஸ்திரியாவில் டான்யூப் அணைகளுக்குள் சிக்காமல் ஓடும் இரண்டு பகுதிகளில் ஒன்று இது. இன்னொன்று வியன்னாவுக்குக் கிழக்கே. வேகம் கண்ணுக்கே தெரியும்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை இங்கே நேரில் பார்க்கலாம். கல்சுவர் கட்டிய திராட்சை அடுக்குகளும் கோபுரங்களும் வடகரையில். அவற்றை முழுதாகப் பார்க்க முடிவதோ தென்கரையிலிருந்து. எனவே இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்: மெல்க்கிலிருந்து தென்கரையில் ஆப்ரிகாட் தோட்டங்களினூடே, ஆக்ஸ்டைன் கோட்டையை மலைமேல் அண்ணாந்து பார்த்தபடி ஆர்ன்ஸ்டார்ஃப் வரை. அங்கே ஓடம் ஏறினால் எதிரே ஸ்பிட்ஸ். பிறகு வடகரையில் வைசன்கிர்கன், டூர்ன்ஸ்டைன், கிரெம்ஸ். 1908இல் கிடைத்த 11 சென்டிமீட்டர் உயரக் கற்காலப் பெண் சிலையின் ஊரான வில்லன்டார்ஃபைப் பார்க்க விரும்பினால் மட்டும் தொடக்கத்திலிருந்தே வடகரை. ஊரில் இருப்பது நகல், அசல் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1192 இறுதியில் சிறைவைத்த டூர்ன்ஸ்டைனில் தெரு முழுக்கக் கல் பாவியது, மதியம் சுற்றுலாக் கப்பல் கூட்டம். இறங்கித் தள்ளுங்கள்.

வழியெல்லாம் ஒயின் விற்கும் வீடுகள். ஆஸ்திரியாவில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் இரத்தத்தில் மது வரம்பு 0.8 புரோமில், அதாவது ஆயிரத்தில் 0.8 பங்கு. வெயிலில் இரண்டு கிளாஸ் போதும், பாதை வளையத் தொடங்கும்.

*கிரெம்ஸ் – டூல்ன், சுமார் 45 கி.மீ.* பாலம் கடந்து தென்கரை, அல்லது வடகரையில் போய் ஆல்டன்வோர்த் அணையில் கடக்கலாம். ஸ்வென்டன்டார்ஃபில் கட்டி முடித்தும் ஒரு நாள்கூட இயக்காத அணுமின் நிலையம் கரையிலேயே நிற்கிறது. 1978 நவம்பர் 5 பொதுவாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

*டூல்ன் – வியன்னா, சுமார் 38 கி.மீ.* தென்கரையிலேயே கிளோஸ்டர்நோய்பர்க், பிறகு நுஸ்டார்ஃப். அங்கே பாதை பிரியும். டான்யூப் கால்வாயை ஒட்டிய பாதையைப் பிடித்தால் சிக்னல் தொல்லை இல்லாமல் நகரின் நடுவே ஷ்வேடன்பிளாட்ஸ் வரை போய்விடலாம்.

பஞ்சர்

பின்சக்கரத்தில்தான் அதிகம் வரும், எடை அங்கேதான். அச்சுக்குள் கியரும் பின்மிதி பிரேக்கும் உள்ள சக்கரத்தைக் கழற்றினால் கம்பி, பிரேக் கை, நட்டு என்று திரும்ப மாட்டத் தெரியாமல் விழிப்பீர்கள். கழற்றாதீர்கள். நம்மூர் பஞ்சர் கடையில் செய்வதுபோல டியூபை மட்டும் உருவுங்கள்.

பைகளை இறக்கிச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். மிச்சக் காற்றை விடுங்கள். செயின் இல்லாத பக்கம் நெம்புகோலால் டயர் விளிம்பை வெளியே எடுத்து, டியூபை இழுத்துக் காற்றடித்து, காதருகே கொண்டுபோய் ஓட்டையைத் தேடுங்கள். கிடைத்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். இங்கே அவசரப்படுவதால்தான் ஒட்டு பிரிகிறது: பளபளப்பு போய் மங்கும்வரை, நான்கைந்து நிமிடம், காத்திருந்து பிறகு ஒட்டை அழுத்துங்கள். டியூபை உள்ளே விடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டி, முள்ளோ கண்ணாடித் துண்டோ இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையேல் பத்து நிமிடத்தில் அடுத்த பஞ்சர். டயரைக் கையாலேயே தள்ளி, வால்வு உள்ள இடத்தைக் கடைசியாக ஏற்றுங்கள். வால்வைச் சற்று உள்ளே தள்ளிவிட்டால் விளிம்பு பள்ளத்தில் இறங்கும், இறுக்கம் குறையும்.

சாப்பாடு, ஞாயிறு, படுக்கை

ஆஸ்திரியாவில் கடைகள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மூடிவிடும், ஞாயிறு திறக்காது. பெரிய ரயில் நிலையக் கடைகள் விதிவிலக்கு, ஆற்றங்கரைக் கிராமத்தில் அது உதவாது. சனி மதியமே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிப் பையில் போடுங்கள். உணவகங்களுக்கும் வாரம் ஒன்றிரண்டு நாள் விடுமுறை. கதவில் "ரூஹேடாக்" என்று எழுதியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அடுப்பு அணைந்தால் மாலை ஐந்தரை, ஆறுக்குத்தான் மறுபடி. சின்ன ஊரில் இரவு எட்டரைக்கு மேல் போனால் சூப் கூட இருக்காது.

சைவம் என்பதற்கு "ஃபெகெடாரிஷ்" என்று சொல்லுங்கள், கூடவே "ஓனே ஷ்பெக்" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்கறிப் பண்டம் என்று நினைத்து வாங்குவதில் பன்றிக்கொழுப்புத் துணுக்கு தூவியிருப்பார்கள். காளான் குழம்போடு வரும் ரொட்டி உருண்டை, பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டம், ஆப்ரிகாட் உள்ளே வைத்த இனிப்பு உருண்டை இவை பெரும்பாலும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பிளாஸ்டிக் புட்டிக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். பெரிய கடையின் எந்திரத்தில் திருப்பிப் போட்டால் கிடைக்கும். ஓடத்துக்குச் சில்லறையாக யூரோ வைத்திருங்கள், எல்லா இடத்திலும் அட்டை எடுப்பதில்லை.

"சிம்மர் ஃப்ரை" என்ற பலகை தொங்கினால் அறை காலி. வார நாள்களில் அப்படித் தேடிக்கொண்டே போகலாம். வெள்ளி, சனி இரவுகளுக்கும் வாகாவுக்கும் முன்பதிவு அவசியம். பதிவு செய்யும்போதே சைக்கிளைப் பூட்டி வைக்க அறை உண்டா என்று கேளுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 144. உதவிக்கு அழைக்கும்போது கரையையும் எண்பலகையின் எண்ணையும் சொல்லுங்கள். ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தாலும் அந்த எண் தப்பாது.

கடைசி நாள்

வியன்னா சுரங்க ரயிலில் நெரிசல் நேரத்தில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், ஒப்படைக்கும் கடைக்கு மிதித்தே போகும்படி நேரம் வையுங்கள். சொந்தச் சைக்கிளோடு ரயிலில் திரும்புவதானால் தொலைதூர வண்டிகளில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டும் இடப்பதிவும் வேண்டும். கோடை வார இறுதியில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே தேதி தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

கால்வாய்ப் பாதையில் வந்தவர்களுக்கு நகருக்குள் டான்யூபே கண்ணில் படாது. பெரிய ஆறு கிழக்கே ஒதுங்கி ஓடுகிறது. ஷ்வேடன்பிளாட்ஸிலிருந்து பிராட்டர்ஷ்டிராசே வழியாக ரைஷ்ப்ரூக்கே பாலத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். 2226இல் தொடங்கிய எண்ணிக்கை 1929 ஆவதைப் பார்க்க வேண்டுமென்றால், சைக்கிளை ஒப்படைப்பதற்கு முன்னாலேயே போய்விடுங்கள்.